மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? ஸ்போர்ட்டியான கார் எடுக்கும்முன் பார்க்க வேண்டியவை

120 பிஎஸ் (குதிரைத்திறன்) ஹூண்டாய் ஐ20 என் லைன், 150 பிஎஸ் ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி, 100 பிஎஸ் மாருதி ஃபிரான்க்ஸ் டர்போ. கையில் இருபது லட்சத்துக்குள் வைத்துக்கொண்டு, கொஞ்சம் சுறுசுறுப்பாக ஓடும் வண்டி வேண்டும் என்று தேடுகிறவர்களின் பட்டியலில் இந்த மாதிரிப் பெயர்கள்தான் இருக்கும். மூன்றுமே ஒரே எஞ்சினை மேனுவலோடும் ஆட்டோமேட்டிக்கோடும் கொடுத்திருக்கின்றன. இரண்டுக்கும் விலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முதல் ஒன்றரை லட்சம் வரை வித்தியாசம்.

நிறம், சன்ரூஃப், அலாய் வீல் எல்லாவற்றையும் வாரக்கணக்கில் யோசித்துவிட்டு, கியர்பாக்ஸை மட்டும் கடைசி நேரத்தில் சேல்ஸ்மேன் சொல்வதைக் கேட்டு எடுப்பவர்கள் நிறைய. அது தலைகீழ். வாங்கிய பிறகு டயரை மாற்றலாம், பிரேக் பேடை மாற்றலாம், சஸ்பென்ஷனைக்கூட மாற்றலாம். கியர்பாக்ஸை மாற்ற முடியாது. அதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும்.

முதல் படி: எந்த ஆட்டோமேட்டிக் என்று கேளுங்கள்

“ஆட்டோமேட்டிக் இருக்கா?” என்று கேட்டால் “இருக்கு சார்” என்றுதான் பதில் வரும். அந்த ஒரு சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு பெட்டிகள் இருக்கின்றன. ஓட்டும்போது அவை ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லாதவை.

ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். உங்கள் இடது காலும் இடது கையும் செய்யும் வேலையை ஆக்சுவேட்டர்கள் என்னும் இயக்கிகள் செய்கின்றன. விலை குறைவு, மைலேஜ் நன்றாக வரும். ஆனால் ஒவ்வொரு கியருக்கும் இழுவை அறுந்து மறுபடி பிடிக்கும்; தலை முன்னும் பின்னும் ஆடும். ஸ்போர்ட்டியாக ஓட்ட நினைப்பவருக்கு இது வேண்டாம்.

சிவிடி-யில் கியர்களே கிடையாது. இரண்டு புல்லிகள், நடுவில் ஓர் உலோகப் பட்டை. நகரத்தில் வெண்ணெய்போல் ஓடும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் எஞ்சின் சத்தம் முதலில் மேலே போய் நிற்கும், வேகம் பின்னாலேயே மெல்ல வரும். சத்தமும் வேகமும் சேர்ந்து ஏறுவதில்தான் ஓட்டுவதன் ருசி இருக்கிறது என்று நினைப்பவருக்கு அது பெரிய குறை.

டார்க் கன்வெர்ட்டர் பழைய, நம்பகமான வகை. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் இணைக்கிறது. மெதுவாக ஊர்ந்து போகும்போது தேய்வதற்குக் கிளட்ச் பிளேட் இல்லை. சறுக்கலை எண்ணெய் வாங்கிக்கொள்கிறது. ஃபிரான்க்ஸ் டர்போவிலும் விர்டஸின் 1.0 லிட்டர் எஞ்சினிலும் இருப்பது இந்த வகை, ஆறு கியர். மிதித்ததும் பாய்வது கொஞ்சம் தாமதமாகும். ஆனால் தினமும் நெரிசலில் கிடக்கும் வண்டிக்கு இதைவிடக் கவலையில்லாத பெட்டி கிடையாது.

நான்காவது டிசிடி, அதாவது இரட்டைக் கிளட்ச். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் இதற்கு டிஎஸ்ஜி என்று பெயர். சாலையில் ஓடும் காரில் 2003-இல் கோல்ஃப் ஆர்32 வழியாக அறிமுகமானது. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொன்று. இரண்டாம் கியரில் போய்க்கொண்டிருக்கும்போதே மூன்றாம் கியர் உள்ளே தயாராகப் பொருந்தியிருக்கும். மாற வேண்டிய நொடியில் ஒரு கிளட்ச் விடும், மற்றது பிடிக்கும். இழுவை அறுவதே இல்லை. நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கும் கையால் ஒரு கியர் மாற்ற ஏறத்தாழ அரை நொடி ஆகும். நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதற்குள் இரண்டு முறை மாற்ற வேண்டும். மாற்றும் அந்த இடைவெளியில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் அழுத்தமும் கொஞ்சம் இறங்கும். அதனால்தான் ஒரே எஞ்சினில் டிசிடி வண்டி பெரும்பாலும் முந்திவிடுகிறது.

வேகம் மட்டும்தான் கணக்கு என்றால் விஷயம் இங்கேயே முடிந்துவிடும். ஆனால் 2013-இல் வந்த போர்ஷே 911 ஜிடி3 இரட்டைக் கிளட்ச் பெட்டியோடு மட்டுமே விற்பனைக்கு வந்தது. அது மேனுவலைவிட வேகமானது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இருந்தும் மேனுவல் வேண்டும் என்று கேட்டவர்கள் ஓயவில்லை. 2017-இல் அதே காரில் ஆறு கியர் மேனுவல் திரும்பி வந்தது. மெதுவானது என்று தெரிந்தே கேட்டு வாங்குகிறார்கள் என்றால், அவர்கள் தேடுவது ஸ்டாப் வாட்ச்சில் இல்லை. மறுபக்கம், ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ-யின் இப்போதைய வடிவத்தில் மேனுவலே கிடையாது. இரண்டும் ஒரே காலத்தில் நடக்கின்றன.

டிசிடி என்றதும் கேட்க வேண்டிய துணைக் கேள்வி ஒன்று உண்டு: உலர் கிளட்ச்சா, எண்ணெயில் மூழ்கிய ஈரக் கிளட்ச்சா? விர்டஸ் ஜிடி-யின் ஏழு கியர் டிஎஸ்ஜி உலர் வகை; டிக்யூ200 என்று பெயர். ஐ20 என் லைனின் ஏழு கியர் டிசிடி-யும் உலர் வகைதான். உலர் கிளட்ச் இலகுவானது, எரிபொருளை மிச்சப்படுத்தும். சூட்டை வெளியேற்ற அதற்குக் காற்றைத் தவிர வேறு வழி இல்லை. டாடா அல்ட்ரோஸில் டிசிஏ என்ற பெயரில் வரும் இரட்டைக் கிளட்ச் பெட்டி ஈர வகை. நெரிசலைத் தாங்கும் பொறுமை அதற்கு அதிகம். விசித்திரம் என்னவென்றால், 120 பிஎஸ் அல்ட்ரோஸ் ரேசர் 2024-இல் வந்தபோது மேனுவலில் மட்டுமே வந்தது.

இரண்டாம் படி: ஒரு வாரத்துக் கணக்கு எழுதுங்கள்

மனதில் ஓடும் வண்டி எப்போதும் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் ஓடும். நிஜத்தில் ஓடுவது திங்கள்கிழமை மாலை கத்திப்பாராவில். இப்போது வைத்திருக்கும் வண்டியிலோ பைக்கிலோ ஏழு நாள், போகும் தூரத்தை விட்டுவிட்டு நிமிடங்களை மட்டும் எழுதுங்கள். 20 கி.மீ. வேகத்துக்குக் கீழே ஊர்ந்த நிமிடங்கள் எத்தனை, நிம்மதியாக ஓட்டியவை எத்தனை, மலைப்பாதை எத்தனை. கிலோமீட்டரில் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். திருச்சி போய் வந்த 650 கி.மீ. பட்டியலில் பெரிதாகத் தெரியும். ஆறு நாள் தினமும் 90 நிமிடம் கிளட்சை மிதித்தது தெரியாது.

தினமும் ஊர்ந்து போவது ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது, வீட்டில் வேறு கார் இல்லை என்றால் ஆட்டோமேட்டிக்கே எடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கிளட்சை வெறுத்துப்போனவர் வாரக் கடைசியில் வண்டியையே எடுக்க மாட்டார். பிறகு அது ஸ்போர்ட்டியாக இருந்து என்ன பயன்? அரை மணிக்குள் முடிகிறது என்றால் மேனுவல் தாங்கும். இடையில் இருப்பவர்கள்தான் அடுத்த படிகளைக் கவனமாகச் செய்ய வேண்டும்.

வீட்டில் வேறு யார் ஓட்டுவார்கள் என்பதையும் சேருங்கள். இந்தியாவில் எல்எம்வி (இலகு ரக வாகன) உரிமம் இரண்டுக்கும் பொதுதான். சட்டப்படி சிக்கல் இல்லை. ஆனால் ஸ்கூட்டரிலிருந்து நேராக ஆட்டோமேட்டிக் காருக்கு வந்த மனைவியோ தம்பியோ, அவசரத்துக்கு மேனுவலை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாள் ஒன்று வரும். முழங்காலில் வலி இருப்பவர்களுக்கும் இதே கேள்வி.

மூன்றாம் படி: மேனுவலில் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மேனுவல் எடுப்பது “கன்ட்ரோல்” வேண்டும் என்பதற்காக என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்குள் இருப்பது என்ன என்று ஒரே ஒரு டவுன்ஷிஃப்டை, அதாவது ஒரு கியர் கீழே இறக்குவதை, பிரித்துப் பார்த்தால் தெரியும்.

வளைவு ஒன்றுக்கு முன்னால் மூன்றாம் கியரில் 60-இல் வருகிறீர்கள். எஞ்சின் சுமார் 3,000 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 3,000 சுற்று. வளைவிலிருந்து வெளியே பாய இரண்டாம் கியர் வேண்டும். அதே வேகத்தில் இரண்டாம் கியருக்கு எஞ்சின் ஏறத்தாழ 4,500-இல் சுழல வேண்டும். வெறுமனே கிளட்சை மிதித்து, கியரைத் தட்டி, கிளட்சை விட்டால், எஞ்சினை 3,000-லிருந்து 4,500-க்கு இழுக்கும் வேலையை முன்சக்கரங்கள் செய்யும். வண்டி குதிக்கும். ஈரச் சாலையில் டயர் ஒரு கணம் பிடி விடும். பக்கத்தில் இருப்பவர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்.

சரியாகச் செய்யும் வரிசை இது. வேகத்தை முழுக்கக் குறைத்து முடிக்கும்வரை நேராக பிரேக் பிடியுங்கள். கிளட்சை மிதியுங்கள். கியரை மூன்றிலிருந்து இரண்டுக்கு நகர்த்தும் அதே நேரத்தில், பிரேக்கில் இருக்கும் வலது பாதத்தின் வெளி விளிம்பால் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு தட்டுங்கள். அந்த நேரத்து வேகத்துக்கு இரண்டாம் கியர் கேட்கும் எண்ணை (60-இல் என்றால் 4,500) ஒட்டி ஆர்பிஎம் முள் எழும்பும்போது கிளட்சை விடுங்கள். எண் பொருந்தினால் எதுவும் நடக்காது. சத்தம் மட்டும் மாறும், வண்டி அசையாது. அந்த ‘எதுவும் நடக்காதது’தான் மேனுவல் தரும் பரிசு. முதல் மாதம் பத்துக்கு இரண்டு முறை வரும். ஆறு மாதத்தில் கால் தானாகச் செய்யும்.

பழகும்போது பிரேக்கை விட்டுவிட்டு, காலியான நேர்ச்சாலையில் வெறும் கிளட்ச், தட்டு, கியர் மட்டும் பயிலுங்கள். பிரேக்கையும் சேர்த்துப் பழகுவது அதற்குப் பிறகு. ஆரம்பத்திலேயே மூன்றையும் சேர்த்தால் பாதம் வழுக்கி பிரேக் அழுத்தம் மாறும். பின்னால் வருபவர் மோதுவார்.

இதைக் கற்கும் ஆசை உங்களுக்கு உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் மேனுவல் எடுங்கள், ஒரு லட்சமும் மிச்சம். அந்தப் பணத்தில் நல்ல டயர் நான்கும், இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்திலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ஒரு நாள் பயிற்சியும் வரும். கார் எவ்வளவு வேகம் போகும் என்பதைவிட உங்களுக்கு எவ்வளவு ஓட்டத் தெரியும் என்பது அங்கேதான் புரியும். ஆசை இல்லை, முந்திச் செல்லும் வேகம் மட்டும் போதும் என்றால் டிசிடி-யில் பேடில் ஷிஃப்டர் (ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும், கியர் மாற்றும் தட்டு) அந்தத் தட்டுதலைத் தானே செய்துகொடுக்கும். ஒரு விரல் போதும்.

நான்காம் படி: டெஸ்ட் டிரைவில் என்ன செய்வது

ஷோரூம்காரர் அழைத்துப்போகும் இரண்டு கிலோமீட்டர் நேர்ச்சாலையில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். குறைந்தது 40 நிமிடம் கேளுங்கள். மாலை நெரிசலில் பத்து நிமிடம், ஒரு மேம்பாலம், ஒரு பேஸ்மென்ட் பார்க்கிங் ஏற்றம், ஒரு நல்ல சாலை. இரண்டு கியர்பாக்ஸையும் ஒரே நாளில், ஒரே வழியில் ஓட்டுங்கள். நாள் தள்ளினால் முந்தையது மறந்துபோகும்.

மேனுவலில் முதலில் உட்காரும் நிலை. கிளட்சை அடிவரை மிதித்த நிலையிலும் இடது முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். அப்படி இருக்கையை நகர்த்தினால் ஸ்டீயரிங் மடியில் இடிக்கிறதா? ஸ்டீயரிங் முன்பின் நகரும் வசதி இல்லாத வண்டிகளில் உயரமானவர்களுக்கு இது தீராத தொல்லை. கிளட்ச் பிடிக்கும் புள்ளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மிதியின் கடைசி ஓரத்தில் பிடித்தால் நெரிசலில் காலைத் தூக்கித் தூக்கியே ஆடுசதை வலிக்கும். இடது கால் வைக்க இடம் இருக்கிறதா, கிளட்ச் மிதிமேலேயே கால் கிடக்குமா? கிடந்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் சீக்கிரம் போகும்.

பிறகு மூன்றாம் கியரில் 30 கி.மீ. வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். சிறிய டர்போ எஞ்சின்கள் 1,500 ஆர்பிஎம்-க்குக் கீழே உயிரில்லாமல் இருக்கும். 2,000-ஐத் தொட்டதும் இழுக்கும். அந்த இடைவெளி எவ்வளவு என்று உடம்பால் அளந்துகொள்ளுங்கள். மேனுவலில் அதை நீங்கள்தான் கியர் குறைத்துச் சமாளிக்க வேண்டும். இன்னொன்று: 4,000-இல் கிளட்சை மிதித்ததும் முள் உடனே இறங்குகிறதா, அங்கேயே ஒரு கணம் தொங்குகிறதா? இக்கால எஞ்சின்கள் பலவற்றில் புகை விதிகளுக்காக அது தொங்கும். வேகமாக மாற்றினால் ஒவ்வொரு கியருக்கும் ஒரு குலுக்கல் வரும். பழகிக்கொள்ளலாம், ஆனால் வாங்கும் முன்னே தெரிந்திருக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக்கில் நான்கு சோதனை. நடந்துபோகும் வேகத்தில், பிரேக்கை விட்டும் பிடித்தும், ஐந்து நிமிடம் ஊர்ந்து பாருங்கள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே இடிக்கிறதா? டி-யில் (முன்னோக்கி ஓட்டும் நிலை) 50-இல் போகும்போது திடீரென்று தரைவரை மிதித்து, பாயும்வரை மனதுக்குள் எண்ணுங்கள். “ஒன்று” சொல்லி முடிக்கும் முன் பாய்ந்தால் நல்ல பெட்டி, “இரண்டு” வந்துவிட்டால் முந்தும்போது பயம் வரும். மூன்றாவது, குறுகிய தெருவில் மூன்று திருப்பத்தில் வண்டியைத் திருப்புங்கள். டி-யிலிருந்து ஆர்-க்கு (ரிவர்ஸ்) மாற்றியதும் எவ்வளவு காத்திருக்க வைக்கிறது? கடைசியாக பேடில். மேனுவல் முறையில் வைத்து ரெட்லைன் வரை, அதாவது எஞ்சின் சுற்றின் உச்ச எல்லை வரை, ஓட்டுங்கள். கியரை அங்கேயே வைத்திருக்கிறதா, உங்களைக் கேட்காமல் தானே ஏற்றிவிடுகிறதா? வளைவின் நடுவே தானே ஏறும் பெட்டியை “மேனுவல் மோட்” என்று அழைப்பது பெயருக்குத்தான்.

ஐந்தாம் படி: மலையை நினைத்து முடிவு செய்யுங்கள்

ஸ்போர்ட்டி கார் வாங்குபவர் கட்டாயம் மலைக்குப் போவார். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, ஏலகிரிக்கு 14. கியர்பாக்ஸின் உண்மையான குணம் தெரியும் இடம் இதுதான், கெட்டுப்போகும் இடமும் இதுதான்.

நான்கு பேர், பின்னால் பைகள், ஏசி. கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம் திரும்பும்போது வேகம் 12, 15-க்கு இறங்கிவிடும். மேனுவலில் புதியவர் செய்யும் தவறு இரண்டாம் கியரிலேயே திருப்புவது. எஞ்சின் 1,200-க்கு விழும், டர்போ தூங்கும், வண்டி திணறும். அணையாமல் இருக்கப் பாதிக் கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்துவார். நான்கு வளைவில் கருகிய நாற்றம் வந்துவிடும். அது கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பொருள் எரிவது. அன்றைக்குத் தப்பினாலும் ஆயுளில் பெரிய பங்கு போயிற்று. 1.0 லிட்டர் வண்டியில் வளைவுக்கு முன்பே, நடைவேகத்துக்கு இறக்கி, ஒரு தட்டு தட்டி முதல் கியருக்கு வந்துவிடுங்கள். 1.5 லிட்டரில் பெரும்பாலும் இரண்டாம் கியரே இழுத்துவிடும்.

உலர் டிசிடி-யில் இதே தவறை உங்களுக்குத் தெரியாமல் கம்ப்யூட்டர் செய்யும். டி-யில் விட்டால் எரிபொருளை மிச்சப்படுத்தப் பெரிய கியருக்கு ஓடும். நீங்கள் மிதித்ததும் தடுமாறிக் கீழே வரும். மெதுவான ஏற்றத்தில் கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஊரும். முன்னால் பேருந்து ஒன்று திரும்ப முடியாமல் நின்றால், பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலரேட்டராலேயே வண்டியைச் சரிவில் பிடித்து நிறுத்துவார்கள் பலர். ஒரு நிமிடம் அப்படிப் பிடித்தால் கிளட்ச் சூட்டு எச்சரிக்கை திரையில் வந்துவிடலாம். மீறினால் பெட்டி தன்னைக் காத்துக்கொள்ள இழுவையையே துண்டிக்கும். எச்சரிக்கை வந்தால் ஓரமாக நிறுத்தி, பி-யில் (பார்க்கிங்) போட்டு, ஆற விடுங்கள்.

உலர் டிசிடி எடுப்பவர் கைக்கொள்ள வேண்டிய பழக்கம் இவ்வளவுதான்: ஏற்றத்தில் நிற்பது எப்போதும் பிரேக்கில், ஆட்டோ ஹோல்டு (பிரேக்கைத் தானே பிடித்து வைக்கும் வசதி) இருந்தால் அதில். பிரேக்கை அரைகுறையாகத் தொடாமல் அழுத்தி மிதியுங்கள். அப்போதுதான் கிளட்ச் முழுக்க விடும். நெரிசலில் முன்னால் ஒரு கார் நீளம் இடைவெளி விட்டு, அது திறந்ததும் ஒரே மூச்சில் ஐந்தாறு மீட்டர் நகருங்கள். அங்குலம் அங்குலமாக ஊர வேண்டாம். கடும் நெரிசலிலும் கொண்டை ஊசியிலும் மேனுவல் முறைக்கு மாற்றி முதல் கியரில் நிறுத்தி வையுங்கள். இரண்டு கிளட்சும் மாறி மாறிப் பிடித்துத் தேய்வது குறையும்.

இறக்கத்தில் எந்தப் பெட்டியானாலும் விதி ஒன்றே. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் டி-யில் விட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்கியவர்களுக்குத்தான் பாதி மலையில் மிதி பஞ்சுபோல் அமுங்கும். இடது பேடிலைத் தட்டி இரண்டுக்குக் கொண்டுவாருங்கள். நீங்கள் பார்க்கும் காரில் பேடிலும் இல்லை, லீவரில் மேனுவல் முறையும் இல்லை என்றால், மலைப்பிரியர்கள் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

ஆறாம் படி: ஐந்து வருடத்துச் செலவு

மேனுவலில் தேய்வது கிளட்ச் செட்: பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங். மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பிளேட்டை மட்டும் மாற்றினால் அடுத்த வருடம் பேரிங்குக்காக அதே கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டிவரும், கூலி இரண்டு மடங்கு. நன்றாக ஓட்டினால் 80,000, ஒரு லட்சம் கி.மீ. வரும். பாதிக் கிளட்ச்சில் வாழ்பவருக்கு 30,000-லேயே போகும். எந்த ஊர் மெக்கானிக்கும் செய்யும் வேலை இது. இரட்டை நிறை ஃப்ளைவீல் (எஞ்சின் அதிர்வைத் தணிக்கும் இரண்டு பாகச் சுழல்தட்டு) உள்ள வண்டியில் மட்டும் செலவு கூடும். அது இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள்.

டார்க் கன்வெர்ட்டருக்குத் தயாரிப்பாளர் “வாழ்நாள் எண்ணெய்” என்று சொன்னாலும், நம் ஊர்ச் சூட்டில் 60,000 கி.மீ. தாண்டியதும் அந்த எண்ணெயை (ஏடிஎஃப்) மாற்றுவது நல்லது. டிசிடி-யில் கிளட்ச் செட்டே மேனுவலைவிடப் பல மடங்கு விலை. மெகட்ரானிக்ஸ் எனப்படும் கட்டுப்பாட்டு யூனிட் போனால் உத்தரவாதத்துக்கு வெளியே பில் லட்சத்தைத் தாண்டும். ஆகவே டிசிடி எடுப்பவருக்கு நீட்டித்த வாரன்ட்டி ஆடம்பரம் அல்ல. காரின் விலையிலேயே அதைச் சேர்த்து எண்ணுங்கள். அதற்குப் பணம் எட்டவில்லை என்றால் மேனுவல்தான் உங்கள் வண்டி.

ரீமேப் செய்யும், அதாவது எஞ்சினின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டும், எண்ணம் இருக்கிறதா? அப்படியானால் ஓர் எண்ணைப் பாருங்கள். டிக்யூ200 தாங்கும் முறுக்குவிசை 250 நியூட்டன் மீட்டர். விர்டஸ் ஜிடி-யின் 1.5 லிட்டர் எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போதே 250 தருகிறது. அதற்குமேல் ஏற்றும் ஒவ்வொன்றும் பெட்டியின் எல்லைக்கு அப்பால். மேனுவலில் ஏற்றினாலும் கிளட்ச் சறுக்கும், ஆனால் அங்கே பலமான கிளட்ச் போட்டுத் தீர்க்கலாம். இரண்டிலும் வாரன்ட்டி போய்விடும்.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால்

ஸ்போர்ட்டியான காரை முதல் உரிமையாளர் எப்படி ஓட்டியிருப்பார் என்பது கியர்பாக்ஸில் எழுதியிருக்கும். மேனுவலில் ஐந்தாம் கியரில் 50 கி.மீ. வேகத்திலிருந்து முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் எகிறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் முடிந்தது. 4,000 ஆர்பிஎம்-இல் இரண்டிலிருந்து மூன்றுக்கும், மூன்றிலிருந்து இரண்டுக்கும் சற்று வேகமாகத் தட்டுங்கள். கரகரவென்று உராய்ந்தால், கியர்களின் சுழற்சியை ஒத்திசைக்கும் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது, கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும். நின்றபடி நியூட்ரலில் கிளட்சை மிதித்ததும் ஒரு கீச்சொலி எழுந்தால் ரிலீஸ் பேரிங்.

டிசிடி-யில் மெல்லப் புறப்படும்போது வண்டி நடுங்குகிறதா என்று பாருங்கள். காலையில் ஒருமுறை, அரை மணி நெரிசலில் ஓட்டிச் சூடான பின் ஒருமுறை. சூட்டில் மட்டும் நடுங்கினால் கிளட்ச் பிளேட் பளபளப்பாகித் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். திரையில் கியர் எழுத்து மின்னினால் அந்த வண்டியை விட்டுவிடலாம். எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், ஸ்கேனர் போட்டு கியர்பாக்ஸ் யூனிட்டில் பதிவான பழுதுகளைப் படிக்கச் சொல்லுங்கள். முந்தின நாள் அழித்துவிட்டுக் கொண்டுவந்திருக்கவும் கூடும், அதனால் 40 கி.மீ. ஓட்டிய பிறகு மறுபடி ஒருமுறை படியுங்கள்.

இந்தச் சோதனைகளைத் தொடங்கும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். நீங்கள் போய்ச் சேரும்போது பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், நாளைக் காலையில் வருவதாகவும் அதுவரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.